பன்றிப் பண்ணையில வைரஸ் நோயை நாள்தோறும் கண்காணிக்கிறது எப்படி

வைரஸ் நோய் கண்காணிப்புன்னு சொன்னாலே லேப், பிசிஆர், பெரிய மிஷின்னு எல்லாரும் நினைக்கிறாங்க, ஆனா லேப்புக்கு சாம்பிள் போறதுக்கு முன்னாடி நடக்கிற வேலைதான் அதிகம், அது பூரா கொட்டில்லதான் நடக்குது, அதை செய்ய வேண்டியது பண்ணைக்காரங்க நாமதான். 20 பன்னி, 50 பன்னி, 200 பன்னின்னு வச்சிருக்கிறவங்களுக்காக எழுதுறேன், பெரிய கம்பெனி பண்ணைக்கு தனி டாக்டர் இருப்பாரு, நம்ம பண்ணைக்கு ஒரு நோட்டும் ஒரு தெர்மாமீட்டரும்தான் இருக்கு, அதை ஒழுங்கா பயன்படுத்தினாலே நிறைய பன்னியை காப்பாத்தலாம்.

இப்ப ஏன் இவ்ளோ அவசரம்னு கேட்டா ஆப்பிரிக்கன் பன்றிக் காய்ச்சல்தான், ஏஎஸ்எஃப்னு சொல்றது. 2020ல அசாம், அருணாச்சலத்துல இந்தியாவுலயே முதல் தடவையா வந்துச்சு, 2022 ஜூலையில வயநாட்டுக்கு வந்துச்சு, 2023 ஜனவரியில முதுமலையில செத்துக் கிடந்த காட்டுப்பன்னிங்களுக்கு இதேதான்னு உறுதியாச்சு, அதே சமயத்துல நாமக்கல் மாவட்டத்துல ஒரு பண்ணையிலயும் கண்டுபிடிச்சாங்க. 2024ல இலங்கையிலயும் பரவி அங்க இருக்கிற பண்ணைக்காரங்க ரொம்ப அடி வாங்கினாங்க. இதுக்கு மருந்து கிடையாது, நம்ம நாட்டுல போடுறதுக்கு தடுப்பூசியும் இல்ல. மனுஷனுக்கு ஒண்ணும் பண்ணாது, ஆனா பண்ணைக்குள்ள வந்துட்டா வந்த பன்னியில கிட்டத்தட்ட எல்லாமே போயிடும்.

இதுல நிறைய பேர் ஏமாந்து போற விஷயம் ஒண்ணு இருக்கு. இந்த வைரஸ் கொல்றதுல வேகம், ஆனா பரவுறதுல ஆரம்பத்துல மெதுவாதான் இருக்கும். காத்துல பறந்து வந்து ஒரே ராத்திரியில எல்லா பன்னியையும் சாய்க்காது, ரத்தம், சாணம், மூத்திரம், எச்சில், மூக்கோட மூக்கு உரசுறதுன்னு நேரடி தொடர்புலதான் ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு போகும். அதனால முதல்ல ஒரு அறையில ஒண்ணு சாகும், ஒரு வாரம் ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கும், அப்புறம் அதே அறையில ரெண்டு சாகும். நாம வெயில்னு நினைப்போம், வயித்துப்போக்குன்னு நினைப்போம், மெடிக்கல்ல சொல்லி ஒரு ஊசி வாங்கிப் போடுவோம், அதுக்குள்ள பக்கத்து அறைக்கு போயிருக்கும். பத்து இருபது செத்தாதான் பெரிய நோய்னு நினைச்சுக்கிட்டு காத்திருக்கிறவங்க எல்லாமே போனதுக்கு அப்புறம்தான் டாக்டரை கூப்பிடுறாங்க. என்னைக் கேட்டா கண்காணிப்புல ஒரே ஒரு விதிதான் உண்டு, காரணம் தெரியாம சாகுற முதல் பன்னியையே டெஸ்ட் பண்ணிடணும். பத்தாவது பன்னி வரைக்கும் போகவே கூடாது.

சரி, நோட்டுலேர்ந்து ஆரம்பிப்போம். கடையில கிடைக்கிற ஒரு குயர் நோட்டு போதும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம், அறைக்கு ஒரு வரி. அந்த வரியில தேதி, அறை நம்பர், எத்தனை பன்னி இருக்கு, எத்தனை தீவனம் எடுக்கல, எதுக்காவது காய்ச்சலா எவ்ளோ டிகிரி, செத்தது, சினை கலைஞ்சது, போட்ட ஊசி மருந்து. பக்கத்தோட அடியில இன்னொரு வரி, அதைத்தான் யாரும் எழுத மாட்டாங்க ஆனா அதுதான் பின்னாடி ரொம்ப உதவும், அன்னிக்கு பண்ணைக்குள்ள வந்தது யாரு, எந்த வண்டி, எந்த ஹோட்டல் சாப்பாடு, எந்த வியாபாரி, புதுசா வந்த பன்னி, வெளிய போன பன்னி. ஒண்ணும் நடக்கலன்னாலும் ஒண்ணும் இல்லன்னு எழுதணும், ஏன்னா காலி பக்கத்தைப் பாத்தா அன்னிக்கு நல்லா இருந்துச்சா இல்ல எழுத மறந்துட்டோமான்னு பின்னாடி சொல்ல முடியாது. வேலைக்காரங்க எழுதப் படிக்க தெரியாதவங்களா இருந்தா அறைக்கதவுலயே ஒரு சிலேட்டை மாட்டி கோடு போட சொல்லுங்க, சாயங்காலம் நீங்க நோட்டுல ஏத்திக்கலாம், இல்லன்னா போன்ல வாய்ஸ் மெசேஜ் அனுப்ப சொல்லுங்க.

எப்ப பாக்கணும்னா காலையில தீவனம் போடுற நேரம். தீவனம் கொட்டுற சத்தம் கேட்டா நல்லா இருக்கிற பன்னி எல்லாம் கத்திக்கிட்டு தொட்டிக்கு பாயும், அந்த ரெண்டு மூணு நிமிஷம் கையில வேற வேலை வச்சுக்காம நின்னு பாருங்க. எது எந்திரிக்கல, எது எந்திரிச்சு தள்ளாடுது, எது தொட்டிகிட்ட வந்து மோந்து பாத்துட்டு திரும்பி போகுது. காய்ச்சல் இருக்கிற பன்னிங்க வெயில் காலத்துலயும் ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டிப் படுத்துக்கும், இது பெரிய அடையாளம், வெயில்ல நல்ல பன்னி தள்ளித் தள்ளி ஈரமான இடம் தேடித்தான் படுக்கும். வெள்ளைப் பன்னியா இருந்தா காது, வயித்தோட அடிப்பக்கம், தொடை உள்பக்கம் செவந்து இருக்கா, நீலம் பாய்ஞ்ச மாதிரி இருக்கான்னு பாருங்க. மூக்கு, ஆசனவாய்ல ரத்தம், வாந்தி, ரத்தக் கழிச்சல் எல்லாம் கொஞ்சம் முத்தினதுக்கு அப்புறம் வர்றது, அது வரைக்கும் காத்திருக்காதீங்க. எந்த அடையாளமும் காட்டாம பொசுக்குன்னு சாகுறதும் உண்டு.

தெர்மாமீட்டர் டிஜிட்டல் போதும், ஆசனவாயில வச்சு பீப் வர்ற வரைக்கும் பிடிக்கணும், நுனி பக்கவாட்டு சுவத்தை தொடணும், நடுவுல சாணத்துக்குள்ள சொருகினா அளவு தப்பா காட்டும். வளந்த பன்னிக்கு சுமாரா 101லேர்ந்து 103 டிகிரி ஃபாரன்ஹீட் வரைக்கும் சாதாரணம், குட்டிக்கு கொஞ்சம் கூட இருக்கும். 104க்கு மேல போனா எழுதி வச்சு சாயங்காலம் திரும்பப் பாருங்க, ஏஎஸ்எஃப், சிஎஸ்எஃப்னு சொல்ற கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சல் ரெண்டுலயும் 105, 106, 107 வரைக்கும் ஏறும். மத்தியானம் வெயில்ல அளந்தா நல்ல பன்னிக்கே கூட காட்டும், பன்னிக்கு வேர்த்து உடம்பு குளிராதுல்ல, அதனால காலையில குளுமையில எடுத்த அளவைத்தான் நம்பணும். எல்லா பன்னிக்கும் தினம் எடுக்க முடியாது, தேவையுமில்ல, தீவனம் எடுக்காததுக்கு மட்டும் எடுங்க. ஒரு பன்னியில வச்சதை ஸ்பிரிட்ல துடைக்காம அடுத்ததுக்கு வைக்காதீங்க. ஊசியும் அப்படித்தான், ஒரு பன்னிக்கு ஒரு நீடில், ஒரே நீடில்ல வரிசையா பத்து பன்னிக்கு போடுறதுதான் வைரஸை நாமளே கொண்டு போய் சேக்குற வழி.

இப்ப நோட்டை எப்படி படிக்கிறதுன்னு பாப்போம், எனக்கு இதுதான் ரொம்ப பிடிச்ச பகுதி. பண்ணையோட வரைபடம் ஒண்ணு ஒரு பக்கத்துல போட்டுக்கோங்க, அறைங்களை சின்ன கட்டமா வரைஞ்சா போதும், நோய் வந்த அறைக்குள்ள தேதியை சிவப்பு பேனால எழுதிட்டே வாங்க. ரெண்டு வாரத்துல தேதிங்க எந்த வேகத்துல எந்தப் பக்கம் நகருதுன்னு கண்ணுக்கே தெரியும். ரெண்டு மூணு நாள்ல எல்லா அறையிலயும் இருமல், காய்ச்சல், அப்புறம் ஒரு வாரத்துல பெரும்பாலும் சரியாயிடுச்சு, சாவு குறைவுன்னா அது ஃப்ளூ மாதிரி இருக்கலாம். சில நாள்லயே பாதி பண்ணை நொண்டுது, குளம்பு ஓரத்துலயும் மூக்குலயும் கொப்புளம், பால் குடிக்கிற குட்டிங்க திடீர்னு சாகுதுன்னா கோமாரியை சந்தேகப்படணும், குட்டிக்கு இதயத்தை தாக்கும். ஒரே அறையில ஆரம்பிச்சு பக்கத்து அறைக்கு மெதுவா நகருது, காய்ச்சல் வந்தது எல்லாம் சாகுது, வயசு வித்தியாசம் இல்லாம பெரிய தாய்ப் பன்னியும் சாகுதுன்னா ஏஎஸ்எஃப்போ சிஎஸ்எஃப்போ இருக்கலாம். சிஎஸ்எஃப்புக்கு தடுப்பூசி போட்ட பண்ணையில அது குறைவா இருக்கணும், அதனால தடுப்பூசி போட்ட தேதியும் அந்த நோட்டுலயே இருக்கணும். இந்த ரெண்டு காய்ச்சலையும் கண்ணால பாத்து யாரும் பிரிச்சு சொல்ல முடியாது, அனுபவம் உள்ள டாக்டரே முடியாதும்பாரு, லேப்தான் சொல்லணும். வரைபடம் சொல்றது நோயோட பேரை இல்ல, எவ்ளோ அவசரம்னுதான்.

சினைப் பன்னிங்களுக்கு தனி பக்கம் வைங்க. சேர்க்கை நாள், 114 நாள் கணக்குல எதிர்பாக்குற நாள், பிறந்தது எத்தனை, செத்து பிறந்தது எத்தனை, கருகி சுருங்கிப் போன குட்டி எத்தனை. அந்த சுருங்கின குட்டிங்களை தூக்கிப் போடுறதுக்கு முன்னாடி கையுறை போட்டுக்கிட்டு ஒரு சாக்கு மேல வரிசையா வச்சு ஒரு போட்டோ எடுங்க. விரல் நீளத்துல ஒண்ணு, அதை விட பெருசா ஒண்ணு, முழுசா வளந்து செத்தது ஒண்ணுன்னு அளவு வேற வேறயா இருந்து தாய்ப் பன்னி நல்லா சாப்பிட்டுக்கிட்டு ஆரோக்கியமா இருந்தா பார்வோ வைரஸா இருக்க வாய்ப்பு அதிகம், முக்கியமா முதல் ஈத்து பன்னியில. தாய்ப் பன்னிக்கு காய்ச்சல் வந்து கடைசி மாசத்துல சினை கலையுது, பிறக்கிற குட்டி சொங்கி மாதிரி பிறக்குது, கொஞ்சம் பெரிய குட்டிங்களுக்கு மூச்சு வாங்குதுன்னா பிஆர்ஆர்எஸ்னு சொல்ற, சினையையும் மூச்சையும் கெடுக்கிற வைரஸ் நோயா இருக்கலாம், இது இந்தியாவுல 2013ல மிசோரம்ல கண்டுபிடிச்ச நோய். மழைக்காலம் முடியிற சமயத்துல இந்த மாதிரி நடந்தா ஜப்பானிய மூளைக்காய்ச்சலையும் டாக்டர்கிட்ட கேளுங்க, வளந்த பன்னி நோய் காட்டாது, ஆனா அதோட ரத்தத்துல வைரஸ் பெருகி நெல்வயல் கொசு வழியா மனுஷ குழந்தைக்கு போகும், நம்ம வேலூர் பக்கம் 1955லயே பதிவான நோய் அது. உங்க பண்ணையில இருக்கிற சினைக் கலைப்பு கணக்கு ஊர்ல இருக்கிற பிள்ளைங்களுக்கும் சம்பந்தப்பட்டதுன்னு இதனாலதான் சொல்றேன்.

எப்ப டாக்டரை கூப்பிடணும்னு முன்கூட்டியே முடிவு பண்ணி நோட்டு முதல் பக்கத்துல எழுதி ஒட்டிடுங்க, ஏன்னா நோய் வந்த அன்னிக்கு மனசு ஆயிரம் சமாதானம் சொல்லும். நான் சொல்ற அளவு இது, ஒரே அறையில ரெண்டு பன்னி ஒரே நாள்ல தீவனம் எடுக்காம 104க்கு மேல காய்ச்சல், இல்ல காரணம் தெரியாத ஒரு பெரிய பன்னி சாவு, இல்ல ஒரே வாரத்துல ரெண்டு சினை கலைப்பு, இல்ல ஒரே ஒரு பன்னிக்கு கொப்புளம். இதுல எது நடந்தாலும் அன்னிக்கே உள்ளூர் கால்நடை மருந்தகம், இல்லன்னா 1962க்கு போன். மாவட்டத்துல கால்நடை நோய் புலனாய்வுப் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு, சாம்பிள் எடுக்கிற வேலைக்கு அவங்க வருவாங்க. 2009ல வந்த கால்நடை தொற்றுநோய் சட்டப்படி இந்த மாதிரி நோய் சந்தேகம் இருந்தா சொல்ல வேண்டியது வளக்கிறவங்க கடமை. சொன்னா பண்ணையை மூடிடுவாங்கன்னு பயம் இருக்கு, எனக்கு புரியுது, ஆனா நோய் உறுதியாகி அரசாங்கம் அழிக்கிற பன்னிக்கு இழப்பீடு திட்டம் உண்டு, மறைச்சு வச்சு தானா சாகுற பன்னிக்கு என்ன கிடைக்கும்?

சாம்பிள் விஷயத்துல ரொம்ப முக்கியமானது, செத்த பன்னியை நீங்களே அறுத்துப் பாக்காதீங்க. ஏஎஸ்எஃப்ல செத்த பன்னியோட ரத்தம் முழுக்க வைரஸ், ஒரு தடவை கீறினா மண்ணு, கத்தி, செருப்பு எல்லாம் ஒட்டிக்கும், நாய் காக்கா வேற வந்து இழுத்துட்டு போகும். டாக்டர் வர்ற வரைக்கும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி நிழல்ல வைங்க. அவங்க உயிரோட இருக்கிற காய்ச்சல் பன்னிகிட்ட ஊதா மூடி டியூப்ல உறையாத ரத்தம், சிவப்பு மூடியில சீரம் எடுப்பாங்க, செத்ததுல மண்ணீரல், நெணநீர் கட்டி, டான்சில், சிறுநீரகம் எடுப்பாங்க, அறுக்க வேண்டாம்னு முடிவு பண்ணா பஞ்சுக் குச்சியில ரத்தம் எடுப்பாங்க. நீங்க செய்ய வேண்டியது ஐஸ் பாக்ஸ்ல ஐஸ் தயாரா வச்சிருக்கிறது, எந்த டியூப் எந்த அறையோட எந்த பன்னின்னு காது தோடு நம்பரோட எழுதிக் கொடுக்கிறது. எந்த பன்னியில எடுக்கணும்னு கேட்டா காய்ச்சல் இருக்கிறதுலயும் புதுசா செத்ததுலயும்தான். நல்லா ஓடி ஆடிக்கிட்டு இருக்கிறதுல எடுத்தா வைரஸ் இருந்தும் மாட்டாம போகலாம். நோயே தெரியாத பெரிய பண்ணையில சும்மா சோதிச்சுப் பாக்கணும்னா கணக்கு இருக்கு, பத்து சதவீத பன்னிக்கு நோய் இருந்தா அதுல ஒண்ணையாவது 95 சதவீத உறுதியோட பிடிக்க 29 சாம்பிள் வேணும், அஞ்சு சதவீதம்னா 59 வேணும். இந்த செலவுக்கு பதிலா நோயாளியை மட்டும் தேடி எடுக்கிறது சின்ன பண்ணைக்கு எவ்வளவோ மேல்.

இன்னொரு எளிய வழி கயிறு. சாயம் போடாத பருத்திக் கயிறை பன்னி தோள் உயரத்துக்கு தொங்க விட்டா அறையில இருக்கிறது எல்லாம் வந்து மென்னு கடிச்சு இழுக்கும், அரை மணி நேரத்துல எச்சில் ஊறிடும், அதை பிளாஸ்டிக் பைக்குள்ள பிழிஞ்சு ஒரு மூலையை வெட்டி டியூப்ல ஊத்தி ஐஸ்ல வச்சு அனுப்பலாம். பிஆர்ஆர்எஸ், ஃப்ளூ, சர்க்கோ வைரஸ் எல்லாத்துக்கும் வெளிநாட்டு பண்ணைங்கள்ல இப்படித்தான் பாக்குறாங்க, ஊசி குத்த வேண்டாம், ஒரு கயிறுல ஒரு அறையே அடங்கிடும். உங்க லேப் இந்த சாம்பிளை வாங்கிக்குமான்னு மட்டும் முன்னாடியே கேட்டுக்கோங்க. காய்ச்சல்ல படுத்த பன்னி கயிறை கடிக்காதுங்கிறதையும் மறக்காதீங்க.

ரிசல்ட் வந்தா எப்படி படிக்கிறது. பிசிஆர்ல பாசிட்டிவ்னா வைரஸோட மரபணு இருக்கு, டெஸ்ட்ல எத்தனையாவது சுத்துல வைரஸ் தெரிஞ்சுதுன்னு காட்டுற நம்பர்தான் சிடி வேல்யூ, அது குறைய குறைய வைரஸ் அதிகம்னு அர்த்தம். நெகட்டிவ் வந்தா உடனே நிம்மதி ஆயிடக் கூடாது, சாம்பிள் கெட்டுப் போயிருக்கலாம், காய்ச்சல் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்திருக்கலாம், சாவு தொடர்ந்தா திரும்ப எடுக்க சொல்லுங்க. எலைசாங்கிற ரத்த டெஸ்ட்ல ஆன்டிபாடி, அதாவது வைரஸை எதிர்த்து உடம்பு உண்டாக்குற பொருள் இருக்கான்னு பாக்குறாங்க, சிஎஸ்எஃப் தடுப்பூசி போட்ட பன்னிக்கு ஆன்டிபாடி இருக்கத்தான் செய்யும், அதை வச்சு நோய்னு சொல்ல முடியாது, கோமாரிக்கு மட்டும் தடுப்பூசியையும் நிஜ நோயையும் பிரிச்சுக் காட்டுற தனி டெஸ்ட் இருக்கு. ஏஎஸ்எஃப்புக்கு இங்க தடுப்பூசியே இல்லங்கிறதால ஆன்டிபாடி வந்தா வைரஸ் வந்திருக்குன்னுதான் அர்த்தம், ஆனா பெரும்பாலான பன்னி ஆன்டிபாடி வர்றதுக்குள்ளயே செத்துடும், அதனால அதை நம்பி உக்கார முடியாது. ஏஎஸ்எஃப் கடைசி உறுதிக்கு சாம்பிள் போபால்ல இருக்கிற உயர் பாதுகாப்பு விலங்கு நோய் நிறுவனத்துக்கு போகும், ரிசல்ட் வர்ற வரைக்கும் பாசிட்டிவ்னே நினைச்சு நடந்துக்கோங்க, ஒரு குட்டி கூட வெளிய போகக் கூடாது.

அடுத்தது எங்கேர்ந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு தேடுறது. இங்கதான் பக்கத்தோட அடியில எழுதின வரி கை கொடுக்கும். ஏஎஸ்எஃப் உடம்புக்குள்ள போய் நோய் தெரிய 4லேர்ந்து 19 நாள் வரைக்கும் ஆகலாம், அதனால முதல் பன்னி படுத்த தேதியிலேர்ந்து மூணு வாரம் பின்னாடி போய் ஒவ்வொரு பக்கமா பாருங்க. அந்த மூணு வாரத்துல புது பன்னி வாங்கினீங்களா, சேர்க்கைக்கு வெளியூர் ஆண் பன்னியை கொண்டு வந்தீங்களா, நம்ம பக்கம் ஒரே ஆண் பன்னி நாலு ஊருக்கு போயிட்டு வரும், அதோட விந்துலயும் வைரஸ் போகும். வியாபாரி கயிறும் தராசும் எடுத்துக்கிட்டு வேற பண்ணையிலேர்ந்து நேரா வந்தாரா, வண்டியில பழைய சாணம் ஒட்டி இருந்துச்சா, ஹோட்டல் கழிவுல பன்னிக்கறி எலும்பு கிடந்துச்சா, பக்கத்துல காட்டுப்பன்னி செத்துக் கிடந்ததா யாராவது சொன்னாங்களா. அதே மாதிரி முன்னாடி பக்கமும், அந்த நாள்லேர்ந்து உங்க பண்ணையை விட்டு போன ஒவ்வொரு பன்னியும் யார்கிட்ட இருக்கு, எந்த கசாப்பு கடைக்கு போச்சு, உங்க வேலையாளு வேற எந்த கொட்டில்ல வேலை பாக்குறாரு. இதை மறைக்காம டாக்டர்கிட்ட கொடுங்க, நோய் உறுதியானா பண்ணையைச் சுத்தி 1 கிலோமீட்டர் தூரம் வரைக்கும் நோய்ப் பகுதி, 10 கிலோமீட்டர் வரைக்கும் கண்காணிப்புப் பகுதின்னு அறிவிப்பாங்க, ஆனா 10 கிலோமீட்டர் தாண்டி வண்டியில போன குட்டியை உங்க நோட்டு மட்டும்தான் காட்டிக் கொடுக்கும்.

ஒண்ணு கையெடுத்து கும்பிட்டு கேக்குறேன், காய்ச்சல் வந்ததை அவசர அவசரமா பாதி விலைக்கு தள்ளி விடாதீங்க. கடன் இருக்கும், வட்டி இருக்கும், தெரியும், ஆனா நோய் ஊர் விட்டு ஊர் போறது பெரும்பாலும் இந்த வண்டியிலதான், வாங்குறவரும் நம்மள மாதிரி கடன் வாங்கி வளக்கிறவர்தான். செத்ததை ஆத்துலயோ முள்ளுக்காட்டுலயோ வீசாம ஆறடிக்கு குழி வெட்டி சுண்ணாம்பு போட்டு மூடுங்க.

எச்சில் சாப்பாடு போடுறவங்க, நம்மள்ல முக்கால்வாசி பேர் அதான் போடுறோம், அதை 90 டிகிரி செல்சியஸ்ல ஒரு மணி நேரம் கிளறிக்கிட்டே காய்ச்சணும்னு உலக கால்நடை நல அமைப்பு சொல்லுது, லேசா சூடு காட்டி எடுக்கிறது பத்தாது, வேக வச்ச பாத்திரமும் வேகாத கழிவு வந்த டிரம்மும் வேற வேறயா இருக்கணும். புதுசா வாங்குற பன்னியை 30 நாள் தனியா வச்சு அதுக்குன்னு தனி பக்கெட், தனி பூட்ஸ், அதை கடைசியா கவனிச்சிட்டு குளிச்சிடுங்க, தினம் டெம்பரேச்சர் எடுக்க வேண்டியது இந்த பன்னிக்குத்தான். நீலகிரி, கூடலூர், சத்தி மாதிரி காட்டோரம் இருக்கிறவங்க ரெட்டை வேலி போடுங்க, காட்டுப்பன்னி மூக்கும் உங்க பன்னி மூக்கும் ஒரே கம்பியில படக் கூடாது.

பன்னியை எல்லாம் இழந்துட்டு திரும்ப ஆரம்பிக்கிறவங்களுக்கு. முதல்ல சாணம், மண்ணு எல்லாம் சுரண்டி சோப்புத் தண்ணியில கழுவி அப்புறம்தான் கிருமிநாசினி, அழுக்கு மேல ஊத்தினா ஒண்ணும் வேலை செய்யாது. கொட்டில் குறைஞ்சது 40 நாள் காலியா கிடக்கட்டும். அப்புறம் ஒரேடியா நிரப்பாம வழக்கமா வைக்கிறதுல பத்துல ஒரு பங்கு பன்னியை மட்டும் விட்டு, அதை எல்லா அறையிலயும் நடமாட விட்டு, ஆறு வாரம் தினம் டெம்பரேச்சர் எடுத்து புது நோட்டுல எழுதுங்க. நடுவுல ஒண்ணு செத்தாலும் சாம்பிள் அனுப்பிட்டு நிறுத்துங்க, ஆறு வாரம் முடிஞ்சு ரத்தம் எடுத்துப் பாத்து நெகட்டிவ் வந்ததுக்கு அப்புறம் மீதி பன்னிக்கு அட்வான்ஸ் கொடுங்க.